சதுப்புநிலத்தில் நாய்கள்

ஆசிரியருக்கு வணக்கம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நல்ல விஷயம்தான், ஆனால் தண்ணீர் நின்று கோரை வளர்ந்துவிட்டால் மட்டும் பறவை பெருகிவிடுமா? ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடும். சுற்றித் திரியும் நாய்க்கு அது ஒரு வாய்க்குக் காணாது.

நியூசிலாந்தில் முயலை ஒழிக்க 1880-களில் இறக்கிய, கீரி போன்ற ஸ்டோட் என்ற பிராணி பறவைகளையும் தின்று தீர்க்க, இன்றும் அதைப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். இங்கே அது சரிப்படாது. நரியும் கீரியும் நம் மண்ணின் பிராணிகள், அவை இருக்கட்டும்.

நாய் கதை வேறு. எங்கள் நீலகிரியிலும் சீகை என்கிற அந்நிய மரத்தை அகற்றிப் புல்வெளியை மீட்கிறார்கள், அங்கே புல்லடியில் கூடு கட்டுகிற நெட்டைக்காலிக் குருவிக்கும் இதே ஆபத்துதான், சாலையோரம் வீசும் பிரியாணி மிச்சம் நாயை வரவழைக்கிறது. கருத்தடை செய்தாலும், விலங்குகள் இனக்கட்டுப்பாடு பற்றிய 2023 விதிப்படி பிடித்த இடத்திலேயே விட வேண்டும். முதலில் குப்பையை அள்ளுங்கள், அப்புறம் கூடு கட்டும் மாதங்களிலாவது வேலி போடுங்கள்.

— கோத்தகிரி வாசகர்