இட்டாஸ்காவுக்கு வண்டி கிளப்பும் நம்மவர்களுக்கு

மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். கோடை வந்துவிட்டது. பலர் வீட்டில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். எங்கே கூட்டிப்போகலாம் என்று பேச்சு எழுந்ததும் யாராவது நம்ம மினசோட்டாவின் இட்டாஸ்கா மாநிலப் பூங்கா என்பார்கள். நாலு மணி நேர ஓட்டம், ஒரு பெரிய டப்பா புளியோதரை. போய் இறங்கியதும் இட்டாஸ்கா ஏரியிலிருந்து மிசிசிப்பி ஆறு தொடங்கும் இடத்தில் கல் கல்லாகத் தாண்டி அக்கரை போய், 1475 அடி உயரம் என்று பொறித்த மரத்தூணோடு ஒரு படம். அப்புறம் வீடு. நானும் மூன்று தடவை இப்படித்தான் போய்வந்தேன். முதல் தடவை அம்மா அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "நம்ம தலைக்காவிரி மாதிரிதான்" என்றார்.

நாலாவது தடவை மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடிப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் டக்ளஸ் விடுதிக்குள் நுழைந்தோம். இந்த மடலுக்கு அந்த மழைதான் காரணம்.

முதலில் அந்தக் கற்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நாம் பயபக்தியோடு தாண்டும் அந்தக் கல்வரிசை இயற்கையானதல்ல. 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது அரசு அமைத்த இளைஞர் வேலைப்படையினர் செய்த வேலை அது. ஏரி வழியும் இடம் முன்பு வெறும் சேறும் சதுப்பும். மாபெரும் நதிக்கு இது லட்சணமாக இல்லை என்று சதுப்பை வடித்து, புது வாய்க்கால் வெட்டி, கற்களுக்கு அடியில் கான்கிரீட் போட்டுச் சீர்செய்தார்கள். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பெயரும் அப்படித்தான். 1832இல் நதியின் தொடக்கத்தைத் தேடிவந்த ஸ்கூல்கிராஃப்ட் என்பவரை இந்த ஏரிக்கு அழைத்துவந்தவர் ஓசாவின்டிப் என்ற ஒஜிப்வே பழங்குடித் தலைவர். அவர்களுக்கு இது ஏற்கனவே பெயருள்ள ஏரி. எல்க் மான் ஏரி என்று பொருள். வந்தவரோ 'வெரிட்டாஸ் கபுட்' (உண்மையான தலை) என்ற லத்தீன் சொற்களில் முன்னும் பின்னும் நறுக்கி, நடுவில் நின்றதைப் பெயராக வைத்துவிட்டார். வெரித்தாஸ் வானொலி கேட்டு வளர்ந்தவர்களே, அதே வெரித்தாஸ்தான்!

1891இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இது மாநிலப் பூங்கா ஆனது. ஆனாலும் மரம் வெட்டுவது நிற்கவில்லை. 1903இல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்தவர் மேரி கிப்ஸ், வயது 24. மிதக்கவிட்ட மரங்களைத் தள்ளுவதற்காக மரக் கம்பெனிக்காரர்கள் அணைகட்டித் தண்ணீரைத் தேக்கியதில் கரையோரம் மூழ்கியது. மதகைத் திறக்கச் சொல்லி அந்தப் பெண் துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றார். சில மாதங்களில் பதவி போய்விட்டது. நாம் கார் நிறுத்திவிட்டுக் கழிவறை தேடும் மையத்துக்கு அவர் பெயர்தான். பலகையை ஒரு நிமிஷம் நின்று படியுங்கள்.

சரி, கட்டடங்களுக்கு வருகிறேன். டக்ளஸ் விடுதி 1905இல் பூங்காவின் பைன் மரங்களிலேயே கட்டப்பட்டது. மரங்களைக் காக்கப் போராடிய அரசுத் தலைமை வழக்கறிஞரின் பெயர் அதற்கு. அன்று மழையில் நாங்கள் கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டரிசி சூப் குடித்தோம். அப்பா சூப்பை மறந்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தச்சுவேலை பார்த்தவர். கட்டைகள் மூலையில் ஒன்றையொன்று கவ்வியிருக்கும் இடத்தில் விரலை வைத்துத் தடவி, "இங்க நகம்கூட நுழையாது" என்றார்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஓல்டு டைமர்ஸ் கேபின். 1934இல் அதே வேலைப்படை கட்டியது. ஒவ்வொரு கட்டையும் அவ்வளவு பருமன். நாலைந்தை அடுக்கியதுமே சுவர் முடிந்துவிடுகிறது. கட்டிய பையன்களுக்குச் சம்பளம் மாதம் 30 டாலர், அதில் 25 வீட்டுக்குப் போய்விடும். துபாய்க்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள், இந்தக் கணக்கு அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

இனி இரண்டு வேண்டுகோள். ஒன்று, இங்கே 500 வருஷத்துக்கும் மேல் பழமையான புதைமேடுகள் உள்ளன. பார்க்கப் புல்மேடு போலத்தான் இருக்கும், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். கட்டைச் சுவர்களில் சாவியால் பெயர் கீறுவதும் வேண்டாம். நம் ஊர் மலைக்கோட்டைகளில் நாம் செய்துவைத்திருப்பதே போதும்.

இன்னொன்று, காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். கல் தாண்டுவதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கூட்டமும் குறைந்திருக்கும். முதலில் விடுதிப் பக்கம் போங்கள். அக்டோபர் வாக்கில் அதைப் பூட்டிவிடுவார்கள். புளியோதரை வெளியே மேசையில், சூப் உள்ளே.

அன்புடன்,
நாலு தடவை போனவன்