அக்கரை ஆசிரியைக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தலைமன்னாரில் பத்தாம் தர மாணவர்களுக்குக் கணினி கற்பிப்பதாக, ஓர் இணையவழிப் பயிற்சியில் நீங்கள் சொன்ன நாளிலிருந்தே எழுத நினைத்திருந்தேன். நான் இக்கரையில், ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவன். கைப்பேசியில் வரும் செய்திகளைச் சோதித்துப் பார்க்கும் வகுப்பொன்றை உங்கள் மாணவர்களுக்கும் எங்கள் மாணவர்களுக்கும் சேர்த்தே நடத்தலாமா என்று கேட்கத்தான் இக்கடிதம்.

கடந்த மே மாதம் ஒரு காலையில், "நேத்து ராத்திரி நம்ம படகு அஞ்சை இலங்கை நேவி பிடிச்சுட்டாங்க" என்ற குரலோடு பதினேழு விநாடிக் காணொளி ஒன்று ஊரெங்கும் சுற்றியது. பெற்றோர் குழுவுக்கு அதை முதலில் அனுப்பியவன் நானே என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். விடியலில் நாட்டுப்படகில் சென்ற தந்தை இன்னும் கரை திரும்பாத மாணவன் ஒருவன் முதல் பாடவேளை முழுவதும் அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த மாணவிதான் என் கைப்பேசியை வாங்கி, படத்தைக் கட்டைவிரலால் நிறுத்தி, "இது விசைப்படகு சார். மீன்பிடித் தடைக்காலத்துல கடலுக்குப் போக அனுமதி டோக்கனே குடுக்க மாட்டாங்களே, எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பதற்றத்தில் அது நினைவுக்கே வரவில்லை. காணொளி பழையது.

ஆனால் எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எங்கள் மாணவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. படகுகளுக்குப் பின்னால் தெரிந்த இறங்குதுறை தலைமன்னாரா, காரைநகரா, மயிலிட்டியா என்பது எங்கள் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? உங்கள் மாணவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தேடிப் பார்த்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. நாங்கள் விசைப்படகு என்று எழுதுவதை உங்கள் செய்தித்தாள்கள் பெரும்பாலும் இழுவைப்படகு என்கின்றன. மீனவர்களைக் கடற்றொழிலாளர்கள் என்கின்றன. எங்கள் சொல்லால் தேடினால் எங்கள் கரைச் செய்தியே திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் சொல்லைத் தந்து தேடச் சொன்ன பிறகுதான், கடலடியை வாரி இழுக்கும் வலையால் மீன்பிடிக்கும் இழுவைமடித் தொழிலை 2017இல் இலங்கை நாடாளுமன்றம் தடைசெய்ததையும், எங்கள் படகுகளால் அறுந்த வலைகளோடு உங்கள் கரையில் நிற்பவர்களையும் பிள்ளைகள் முதன்முறையாகப் பார்த்தார்கள். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. ஒரே தமிழில் தேடியும் பாதிச் செய்திதான் கிடைக்கிறது என்பதைப் பாடநூலை வைத்து நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

ஐரோப்பாவில் 2005 முதல் ஈட்வின்னிங் என்ற திட்டத்தின் வழியே வெவ்வேறு நாட்டுப் பள்ளிகள் இணையத்தில் சேர்ந்து பாடம் நடத்துகின்றன. அங்கே பொதுமொழிக்கே தவிக்க வேண்டும். நமக்கு மொழி ஒன்று. 2006 முதல் கடிகார நேரமும் ஒன்று. தனுஷ்கோடி முனையில் நின்றால் எங்கள் கைப்பேசிகள் உங்கள் நாட்டு அலைவரிசையையே பிடித்துக்கொள்கின்றன. நடுவில் இருப்பது ஏறத்தாழ 29 கிலோமீட்டர் கடல். நம் இரு பள்ளி நிர்வாகங்களும் என்ன சொல்லும் என்பதுதான் எனக்குக் கவலை; அதனால் முதலில் பெரிய திட்டமாக எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம், மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் போதும்.

மியான்மர் எல்லையில் வேலை என்று நம்பிப் போய், இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட இளைஞர்கள் இரு நாட்டிலும் உண்டு. அந்த வேலை விளம்பரங்களை நம் இரண்டாவது கூட்டு வகுப்பில் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது கூட்டு வகுப்புக்கு அந்தப் படகுக் காணொளியே இருக்கட்டும், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கள் மாணவி கண்டுபிடித்ததைச் சொல்லாமல், அந்த இறங்குதுறை எது என்று மட்டும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கச்சிமடத்து ஆசிரியன்