வீட்டில் பாடிப் பதிவு செய்து பகிர்பவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் பாடி யூடியூபில் ஏற்றிய பாட்டுக்குப் பதிப்புரிமைக் (காப்பிரைட்) கோரிக்கை வந்து பதறிப்போனார். பாடியது தியாகராஜர் கீர்த்தனைதான். அவர் 1847-இல் மறைந்தவர், அந்தப் பாடலுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. சிக்கல் பின்னணியில் ஓடிய கரோக்கி டிராக்கில். அந்த ஒலிப்பதிவு வேறொருவருடையது. தம்பூராவும் தாளமும் நீங்களே வாசித்தாலோ, வீட்டில் ஒருவர் மிருதங்கம் வாசித்தாலோ இந்தத் தொல்லையே இல்லை.

நம் நாட்டுச் சட்டப்படி, பாடலாசிரியர், இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆகவே அவர் சாகித்தியங்களுக்கு 2033 முடியும் வரை காத்திருக்க வேண்டும். பாரதியார் பாடல்கள் பொதுவுடைமை. ஆனால் சினிமாவில் வந்த மெட்டில் அவற்றைப் பாடினால் மெட்டுக்கு உரிமையாளர் இருப்பார். சொந்த மெட்டு போட்டுப் பாடுங்கள், கேட்கவே ஆசையாக இருக்கிறது!

அப்புறம், தாத்தா காலத்துக் கச்சேரி கேசட்டுகள். கேசட் நம்முடையது, பாட்டு நம்முடையதல்ல. பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் கச்சேரி நடந்து 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. அவர்களையோ குடும்பத்தாரையோ கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

கோரிக்கை வந்தவர்கள் பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள். அதன் ஸ்கிரீன்ஷாட்டை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.