ஆமை விஷயத்தில் நீதான் ஜெயித்தாய்

அன்புள்ள குமரேசா,

எட்டு மாதமாக மூச்சுக் காட்டாதவன் திடீரென்று கடிதம் போடுகிறானே, கடன் கேட்கிறானோ என்று பயந்துவிடாதே. நான்தான் உனக்குப் பாக்கி. வட்டி மட்டும் கேட்காதே.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் உன் வாரிசு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2012-ல் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஆமைத் தொட்டிப் பக்கம் நின்று ஒரு பந்தயம் கட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆமைக்கு நெருங்கிய சொந்தம் முதலையா, பல்லியா? நீ முதலை என்றாய். காரணம் கேட்டால், “மூஞ்சியைப் பாருடா!” நான் அப்போதுதான் வந்திருந்த ஓர் ஆய்வுக்கட்டுரையைக் காட்டி உன் வாயை அடைத்தேன். பூச்சி சாரும் என் பக்கமே தீர்ப்புச் சொன்னார். உன் செலவில் ஆறு முட்டை பரோட்டா தின்றேன்.

அந்தக் கட்டுரையின் முடிவு தப்பு, குமரேசா. 2014-லேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது போன செவ்வாய்க்கிழமை.

விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024-ல் நோபல் வாங்கித் தந்த மைக்ரோ ஆர்என்ஏவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள பொடி ஆசாமி அது. 1993-ல் ஒரு புழுவில் முதன்முதலாகக் கண்டார்கள். புரதம் செய்யச் சொல்லி ஜீனிலிருந்து கிளம்பும் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். செய்தி அதோடு அமுங்கிவிடும். நம் மெஸ்ஸில் ‘ரெண்டு ஆம்லெட்’ சீட்டை அடுப்படி போகும் வழியிலேயே கசக்கிப் பையில் போடுவானே மணி, அதே வேலை. அமெரிக்காவின் பச்சை அனோல் பல்லிக்கு அறுந்த வால் முளைக்கும்போது சோதித்திருக்கிறார்கள். தசையோடு சம்பந்தப்பட்ட மிர்-133, மிர்-206 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களும் வாலின் அடியில் இருப்பதைவிட வளரும் நுனியில் குறைவாம். நுனியில் மணி லீவு போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்.

இந்தத் துண்டுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு வம்சத்தில் புதிதாக ஒன்று தோன்றி நிலைத்துவிட்டால் லேசில் தொலையாது. அதனால் இரண்டு விலங்குகளிடம் மட்டும் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ இருந்தால், இரண்டுக்கும் பாட்டன் ஒருவன் என்று வாதாடலாம். 2012 கட்டுரை அதைத்தான் செய்தது. வண்ண ஆமையிலும் அனோல் பல்லியிலும் நான்கு மைக்ரோ ஆர்என்ஏ குடும்பங்கள் இருக்கின்றன, வேறு எந்த உயிரிலும் இல்லை. ஆமையும் முதலை–பறவைக் கூட்டமும் (முதலையும் பறவையும் ஒரே கிளை) மட்டும் பகிர்ந்துகொள்வது ஒன்றுகூட இல்லை. நாலுக்குப் பூஜ்யம்! நான் சொக்கிப்போனதில் என்ன ஆச்சரியம்?

மறு வருஷமே பச்சைக் கடலாமை, சீன மென்னோட்டு ஆமை இரண்டின் மரபணுத் தொகுப்புகளும் வெளிவந்தன. அவை உன் மூஞ்சி சாஸ்திரத்தைத்தான் ஆமோதித்தன: முதலைக்கும் பறவைக்கும் மூதாதையான கிளையிலிருந்து சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோனது ஆமை. 2014-ல் டைலர் லைசன், கெவின் பீட்டர்சன் முதலானோர், பழைய கட்டுரையை எழுதிய அதே ஆட்கள், கூடுதல் தரவோடும் கறாரான விதிகளோடும் திரும்ப உட்கார்ந்தார்கள். கண்ட ஆர்என்ஏ துணுக்கையெல்லாம் மைக்ரோ ஆர்என்ஏ என்று சொல்லிவிட முடியாது. கொண்டை ஊசி மாதிரி மடியும் முன்வடிவம் வேண்டும், அதன் இரண்டு கைகளிலிருந்தும் துண்டு கிடைக்க வேண்டும், இப்படிப் பல சல்லடை. சலித்து முடித்தபோது ஆமை–பல்லி உறவுக்கு ஆதாரமே இல்லை. ஆமை முதலைக்கும் பறவைக்கும்தான் பங்காளி என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

நான் போர்டில் பல்லியிலிருந்து ஆமைக்குக் கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது பெஞ்சுப் பெண் போனைத் தூக்கிக் காட்டினாள். “சார், இதை அவங்களே மாத்திட்டாங்க போல.” நல்லவேளை, பெல் அடித்தது.

சோம்பேறித்தனம் என்றால்கூடப் பரவாயில்லை, குமரேசா. அந்தக் கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே அதற்குப் பின் என்ன வந்தது என்று தேடத் தோன்றவில்லை. எழுதியவர்கள் இரண்டே வருஷத்தில் மாறிவிட்டார்கள், நான் வருஷா வருஷம் அதே கோட்டை இழுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. இதை உன்னிடம் சொல்லாமல் முடியாது. உன் அக்கா மகள் கவிதா என்னிடம் படித்தாள் அல்லவா? உள்தேர்வில் ஐந்து மார்க் கேள்விக்கு, ஆமை முதலைக்கே நெருக்கம் என்று காரணத்தோடு முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். குறுக்கே சிவப்புக் கோடு போட்டு ஒரு மார்க் கொடுத்தேன். “மாமாகிட்ட கேட்டு எழுதுனியா?” என்று வகுப்பிலேயே கிண்டல் வேறு. எல்லோரும் சிரித்தார்கள். “இல்ல சார், படிச்சேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் என் வகுப்பில் அவள் கை தூக்கி நான் பார்க்கவில்லை. மூன்று நாளாக அந்தத் தாள்தான் கண்முன் நிற்கிறது.

பரோட்டாவுக்கு 2012 விலையா, இன்றைய விலையா என்று நேரில் பேசிக்கொள்வோம். ஜனவரியில் வா, நீலாங்கரைக் கடற்கரையில் ராத்திரி ஆமை முட்டை தேடி நடக்கலாம். பந்தயம் மட்டும் வேண்டாம்.

கவிதாவின் நம்பரை அனுப்பு. எதற்கு என்று கேட்டால் நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, நானே பேசிக்கொள்கிறேன்.

உன்,
சங்கர்