பரிந்துரைப் பட்டியலுக்கு எட்டாத இசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசிச் செயலிகள் வந்தபின் அறியப்படாத இசை என்று எதுவும் மிஞ்சவில்லை என்ற கருத்தில் தங்கள் இதழின் இசைப் பக்கங்களில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நடை பிடித்திருந்தது, முடிவோடுதான் உடன்பட முடியவில்லை. செயலியில் ஒரு பாட்டு இருப்பது வேறு, அது நம் காதுக்கு வந்து சேர்வது வேறு. ஒரு பாட்டைக் கேட்டவர்கள் கூடவே எவற்றையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கைத்தான், அடுத்து என்ன கேட்கலாம் என்று செயலிகளில் சொல்லும் பரிந்துரை நிரல்கள் பெரிதும் நம்பியிருக்கின்றன என்பதால், எவரும் கேளாத பாட்டைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூட ஒலிக்காத பாடல்களுக்கு ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல் உரிமைத்தொகை தருவதையும் நிறுத்திவிட்டது.

அறியப்படாத இசை எவ்வழியில் வெளிச்சத்துக்கு வருகிறது என்பதற்குச் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டைச் சொல்வேன். பம்பாயில் இந்தித் திரையிசைக் குழுக்களில் பல்லாண்டுகள் வாசித்த அவர், ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 என்ற பாஸ் ஒலிக் கருவி ஆகிய மூன்றைக் கொண்டு, பைரவ், தோடி, யமன், மால்கௌன்ஸ் உள்ளிட்ட பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் வெளியிட்டார். நம் வழக்கில் இந்நான்கும் மாயாமாளவகௌளை, சுபபந்துவராளி, கல்யாணி, இந்தோளம் ஆகியவற்றுக்கு நெருக்கமானவை என்பதால், கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு இந்தத் தட்டில் நுழைவது கடினமில்லை.

இதில் டிபி-303இன் கதை தனியே சொல்லத்தக்கது. கிட்டார் வாசிப்பவர் தனியே பயிற்சி செய்கையில் பாஸ் கிட்டாருக்கு மாற்றாகத் துணைநிற்கும் என்று விற்கப்பட்ட அந்தச் சிறு கருவி, அந்த வேலையில் தோற்று, சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்தபிறகு சிகாகோ இளைஞர்கள் அதை வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகி, நெளிந்து பிளிறும் ஓர் ஒலியைக் கண்டார்கள். 1987இல் ஃபியூச்சர் குழு வெளியிட்ட தட்டோடு 'ஆசிட் ஹவுஸ்' என்ற மின்னணு நடன இசைவகை பெயர்பெற்றது. அதே கருவியில் பம்பாயில் வாசித்த தட்டோ அதற்கு ஐந்தாண்டு மூத்தது. இதை வைத்து ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியரே என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. அது வீண்பேச்சு, அந்தத் தட்டு சிகாகோவில் எவர் கைக்கும் போனதாகத் தெரியவில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி டிபி-303இல் உண்டு. நம் கர்நாடக இசையில் ஜாரு எனப்படும் கமகத்துக்கு நெருங்கிய அந்த வழுக்கலை ராகம் வாசிப்பவர் ஒருவர் விரும்பியதில் வியப்பில்லை என்பதே என் எண்ணம்.

வெளிவந்தபோது பெரிதாக விற்காத அந்தத் தட்டை நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் 2002இல் டெல்லிக் கடையொன்றில் கண்டெடுத்து, 2010இல் பாம்பே கனெக்‌ஷன் என்ற தம் சிறு வெளியீட்டகத்தின் வழியாக மறுபடி கொண்டுவந்தார். எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங் அதன்பின் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை வாசித்துவிட்டு, 2015இல் காலமானார்.

தாமே எழுதித் தாமே மெட்டமைத்துப் பாடுகிறவர்கள் விஷயத்திலும் இப்படித்தான். நியூயார்க்கில் 1950களில் கிட்டாரோடு பாடிய கான்னி கான்வர்ஸின் குரலை, கேலிச்சித்திரப் படக் கலைஞர் ஜீன் டைச் தம் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். கான்வர்ஸோ 1974இல் காரில் புறப்பட்டுப் போனவர், திரும்பவே இல்லை. முப்பதாண்டு கழித்து, 2004இல், டைச் ஒரு நியூயார்க் வானொலி நிகழ்ச்சியில் ஒலிக்கவிட்ட ஒரு பாட்டு டேன் ஜூலா என்ற நேயரைப் பிடித்துக்கொள்ள, அவர் முயற்சியால் 2009இல் முதல் தொகுப்பு வந்தது. ஜெர்மனியின் சிபில் பையர் 1970களின் தொடக்கத்தில் வீட்டிலேயே பதிந்த பாடல்கள், அவருடைய மகன் குடும்பத்தாருக்காகச் செய்த குறுந்தகடு கைமாறிக் கைமாறிப் போனதால், 2006இல்தான் வெளியுலகுக்குக் கிடைத்தன.

இவற்றில் எதையும் நிரல் கண்டெடுக்கவில்லை. கடையில் தட்டைக் கண்டெடுத்தவரும் வானொலியும் மகனும் செய்த அந்த வேலையின் ஒரு பங்கையாவது தங்கள் இதழ் ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. திரைப்பாடல்களுக்கும் மார்கழிக் கச்சேரிகளுக்கும் இப்போது ஒதுக்கும் இடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை (வெளியீட்டு விழாக்களில் மாலை போடும் படங்களைக் குறைத்தாலே இடம் கிடைக்கும்). மாதம் ஒரு பத்தி போதும். அதில் புகழுரை வேண்டாம். ஆண்டு, வெளியீட்டகம், வாசித்தவர்கள், பாடலாசிரியர், கருவிகள் ஆகிய விவரங்களைப் பிழையின்றித் தாருங்கள். கருவியின் பெயர் தெரிந்தால்தான் பம்பாயிலிருந்து சிகாகோவுக்கு ஒருவர் தாமாகவே போய்ச் சேர முடியும். பெயரில்லாப் பாட்டுப்பட்டியல்களில் இந்த நூல் அறுந்துபோகிறது.

கூடவே, அந்தப் பாடலைக் கலைஞரிடமிருந்தே வாங்க வழியிருந்தால் அதையும் குறிப்பிடலாம். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் விற்பனைத் தொகையில் பெரும்பகுதி கலைஞருக்கே சேர்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி