எரிந்த வண்டியெல்லாம் எதிரி எரித்ததல்ல

அன்புள்ள தம்பிக்கு,

பதுங்கித் தாக்குதலுக்குப் பிறகு சாலையில் கிடக்கும் ராணுவ வண்டிகளின் படங்களுக்கு நீங்கள் எழுதும் குறிப்புகளில் 'அழிக்கப்பட்டது' என்ற சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஒரு வண்டியின் மேல் மூன்று வெவ்வேறு நேரங்களின் தடயம் படிந்திருக்கும். அதை நிறுத்தியது எது, நின்றதும் உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் போனபின் யார் வந்தார்கள். இந்த மூன்றையும் பிரிக்காமல் பார்த்தால் கணக்கு தப்பும்.

1944 ஆகஸ்டில் பிரான்சின் நார்மண்டியில் இதே தப்புதான் நடந்தது. ஃபலேஸ் பகுதியில் விட்டுச்செல்லப்பட்ட ஜெர்மன் வண்டிகளை பிரிட்டிஷ் செயல் ஆய்வுப் பிரிவினர் நேரில் போய்ப் பார்த்தார்கள். விமான ராக்கெட் பட்டு அழிந்த டாங்கிகள் நேச நாட்டு விமானிகள் சொன்ன எண்ணிக்கையைவிட மிகக் குறைவாக இருந்தன. பெரும் பங்கு டாங்கிகள் ஓட்டி வந்தவர்களே விட்டுவிட்டுப் போனவை, அல்லது அவர்களே வெடிவைத்தும் தீவைத்தும் கெடுத்தவை.

முதலில் வண்டியை விட்டுவிட்டுச் சாலையைப் பாருங்கள். முதல் வண்டியும் கடைசி வண்டியும் அடிபட்டு, நடுவில் உள்ளவை முன்னும் பின்னும் நகர முடியாமல் நின்றிருந்தால் அது திட்டமிட்ட பதுங்கித் தாக்குதல். வண்டிகள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் மூக்கைத் திருப்பி நின்றிருந்தால், பயிற்சியில் சொன்னபடி நிற்க அவகாசம் கிடைத்திருக்கிறது. ஒன்றையொன்று முட்டும் நெருக்கத்தில் இருந்தால் இடைவெளியைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். திரும்ப முயன்றதைத் தார் காட்டிக்கொடுக்கும்: சங்கிலிப்பட்டை வண்டி நின்ற இடத்திலேயே திரும்பினால் தாரில் வில் போன்ற சிராய்ப்பு விழும்.

அடுத்தது பீரங்கிகள் நோக்கும் திசை. பயணத்தின்போது டரட்டுகளை, அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதிகளை, இடம், வலம் என்று மாற்றி மாற்றி வைப்பது வழக்கம். அவை அப்படியே இருந்தால் யாரும் பதிலடி கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கலாம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் எதிரி எங்கே என்று தெரிந்திருக்கிறது. குழல் வாயில் கித்தான் உறை அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கவனிக்காத தடயம் அது. புகைக் குண்டுக் குழாய்கள் (பிஎம்பி-2 காலாட்படைக் கவச வண்டியில் ஆறு) காலியாக இருந்தால் உடனே "புகை போட்டார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அவற்றை நிரப்பாமலே கிளம்புவதும் உண்டு. குழாய் வாயில் கரி இருந்தால்தான் அது சான்று, அதுவும் வண்டி எரியாமல் இருந்தால்.

துளைகளுக்கு வருவோம். தோளில் வைத்து ஏவும் ஆர்பிஜி-7 ராக்கெட் போன்ற குவிவெடி ஆயுதம் (வெடியின் விசையை ஒரு முனையில் குவிப்பது) கவசத்தில் போடும் ஓட்டை வியக்குமளவு சிறியது, ஏறக்குறைய விரல் பருமன். அதைச் சுற்றிக் கரியும் அம்மை வடு போன்ற சிறு குழிகளும் சிதறியிருக்கும். ராக்கெட்டின் வால் பகுதி பெரும்பாலும் அருகிலேயே கிடக்கும். டாங்கிப் பீரங்கியின் நீளக் கம்பிக் குண்டு பட்டால் துளை சுத்தமாக இருக்கும். சில சமயம் வால் துடுப்புகளின் தடம் சுற்றிலும் நட்சத்திரமாகப் பதியும். தானியங்கிப் பீரங்கி என்றால் ஒரே அளவுத் துளைகள் வரிசையாக வரும். கண்ணிவெடி என்றால் ஒரு சக்கரமே காணாமல் போயிருக்கும், மட்கார்டு மேல்நோக்கி வளைந்திருக்கும், அடித்தகடு உள்ளே புடைத்திருக்கும். குழி வண்டிக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேகத்தில் வந்த வண்டி குழியைத் தாண்டிப் போய் நின்றிருக்கும், அதனால் பின்னால் சில மீட்டர் தேடுங்கள்.

லாரி போன்ற மெல்லிய தகட்டு வண்டிகளில் சுட்ட கோணத்தையே கணக்கிடலாம். சாய்வாகப் பட்ட தோட்டா நீள்வட்டத் துளை போடும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் தகட்டோடு தோட்டா செய்த கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். அகலம் 8 மி.மீ., நீளம் 16 மி.மீ. என்றால் கோணம் 30 பாகை. நுழைந்த துளையின் விளிம்பு உள்நோக்கியும் வெளியேறிய துளையின் விளிம்பு வெளிநோக்கியும் மடிந்திருக்கும். நான்கைந்து துளைகளிலிருந்து கோடு இழுத்தால் அவை சுட்டவர் இருந்த பக்கம் கூடும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அடிபட்டபின் வண்டி உருண்டிருந்தாலோ, டரட் திரும்பியிருந்தாலோ அந்தக் கோடுகள் பொய் சொல்லும். அதனால் சக்கரத் தடத்தை வைத்து அடிபட்ட நேரத்தில் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கண்ணாடியில் இன்னொரு வசதி உண்டு. பின்னால் விழுந்த தோட்டாவின் விரிசல் முன்னால் இருந்த விரிசலைத் தொட்டதும் நின்றுவிடும், அதனால் எது முதல் அடி என்று சொல்லிவிடலாம்.

தீயைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். எரிந்த வண்டியில் பெயின்ட் போய், வெறும் இரும்பு சாம்பல் நிறத்தில் நிற்கும். ஈரம் பட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே செங்காவித் துரு ஏறிவிடும். துருவைப் பார்த்து "இது பழைய வண்டி" என்று எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. வண்டியைச் சக்கரங்களின் மேல் தாங்கும் முறுக்குத் தண்டுகள் வெப்பத்தில் வலுவிழப்பதால் வண்டி தரையோடு படிந்துவிடும், அதைக் கண்ணிவெடி வேலை என்று நினைக்க வேண்டாம். எம்113, பிஎம்டி போன்ற படைவண்டிகளின் அலுமினியக் கவசம் 660 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகத் தொடங்கி, சாலைச் சரிவில் ஓடி உறையும். டி-72 டாங்கியில் டரட்டுக்குக் கீழே சுழல் தட்டில் 22 குண்டுகள் இருக்கும். தீ அவற்றை எட்டினால் டரட் தூக்கி எறியப்படும். ஆனால் அந்தத் தீயை யார் வைத்தார்கள் என்பதை அந்த டரட் சொல்லாது.

தீக்கு முன்னா பின்னா என்பதற்குத் துளையின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பிலும் கரியும் துருவும் படிந்திருந்தால் துளை முதலில், தீ பிறகு. கரிக்கு நடுவே பளபளவென்று உலோகம் தெரிந்தால், எரிந்து கிடந்த வண்டியை யாரோ பிறகு சுட்டிருக்கிறார்கள்.

அடியே படாத வண்டிகள்தான் எனக்குப் பிடித்தவை. இழுவைக் கம்பி மாட்டியபடி இருந்தால் மீட்க முயன்றிருக்கிறார்கள். டாங்கியின் பின்னால் கட்டியிருக்கும் மரக்கட்டை சேற்றில் கிடந்தால் புதைந்துபோய்ப் போராடியிருக்கிறார்கள். டீசல் தொட்டி மூடி திறந்திருந்தால் எரிபொருளைத் தேடியவர் அவர்களாகவும் இருக்கலாம், பிறகு வந்தவராகவும் இருக்கலாம். பின்கதவு மட்டும் திறந்து, ஹெல்மெட் ஒலிவாங்கிக் கம்பியோடு தொங்கினால் அவசர இறக்கம். ரேடியோ, இயந்திரத் துப்பாக்கி, குறிநோக்கி மூன்றும் திருகு கழற்றி எடுக்கப்பட்டிருந்தால் நிதானமாகப் போயிருக்கிறார்கள். குழல் வாழைப்பழத் தோல்போல் உரிந்திருந்தால் பெரும்பாலும் சொந்த ஆட்களே குழலுக்குள் வெடிவைத்திருக்கிறார்கள். வெளியே துளையில்லாமல் உள்ளே மட்டும் எரிந்திருந்தாலும் அவர்களையே முதலில் சந்தேகியுங்கள்.

நேரில் போகும் வாய்ப்பு வந்தால் எதையும் தொடாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், உள்ளே ஏறாதீர்கள். வெடிக்காத குண்டும் கண்ணிவெடியும் மறைத்துவைத்த பொறியும் உள்ளே இருக்கலாம். வெடிபொருள் அகற்றுவோர் பார்த்து முடித்த இடத்தில் மட்டும் நடந்து, தூரத்திலிருந்து நான்கு பக்கமும் படமெடுங்கள், பிறகு அளவுகோல் வைத்து நெருக்கப் படம். இறந்தவர்களின் முகத்தை வெளியிடாதீர்கள்.

கடைசியாக எண்ணிக்கை. ஒரே வண்டி இடப்பக்கப் படத்தில் ஒன்றாகவும் வலப்பக்கப் படத்தில் இன்னொன்றாகவும் கணக்கில் ஏறுவது சகஜம். சாலையை ஒதுக்க புல்டோசர் தள்ளியபின் இடமே மாறியிருக்கும். விட்டுப்போன வண்டியை அடுத்த வாரம் ட்ரோன் அடித்தால் அது புது வெற்றியாக வேறு வரும். வண்டி எண், நசுங்கிய மட்கார்டு, கட்டியிருக்கும் மூட்டைகளின் அமைப்பு, பின்னணியில் மின்கம்பம் ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே எண்ணுங்கள். கணக்கு அட்டவணையில் 'அழிக்கப்பட்டது' என்ற பத்திக்குப் பதிலாக 'அடிபட்டது', 'எரிந்தது', 'கைவிடப்பட்டது', 'சொல்ல முடியவில்லை' என்று நான்கு பத்தி போடுங்கள். நான்காவது பத்தி நிறைந்து வழிந்தால் கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் குறிப்புகளைத் தவறாமல் படிக்கும் ஒருவன்