வாசலுக்கு எதிரே உள்ள பலகை எந்தத் துறையைச் சேர்ந்தது?

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

அரசுப் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே, கடை முகப்பில் இருக்கும் குளிர்பான விளம்பரப் பலகையை அகற்றக் கோரி திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு ‘முடிவு செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. முடிந்தது மனு மட்டும்தான். பலகை அங்கேயேதான் இருக்கிறது, இரவில் விளக்கும் எரிகிறது.

விதி என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பள்ளிக் குழந்தைகளின் உணவுக்காக 2020இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை தெளிவாகவே இருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் குழந்தைகளுக்கு விற்கவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது.

மனு போன வழியைக் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பார்த்தார். கடைக்குப் பதிவுச் சான்று இருக்கிறது, காலாவதியான சரக்கு இல்லை, பலகை மாநகராட்சி விவகாரம் என்று எழுதினார். மாநகராட்சி வருவாய்ப் பிரிவோ, கடையின் பெயரும் அதில் இருப்பதால் அது பெயர்ப்பலகைதான், விளம்பரம் ஆகாது என்றது. (கடைப் பெயருக்கு ஒரு முழம், மீதி முழுக்க நுரை பொங்கும் பாட்டில்.) கல்வி அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியாயிற்று என்றது. தலைமையாசிரியர், ‘கேட்டுக்கு வெளியே எனக்கு என்ன அதிகாரம்?’ என்று கேட்டார். அவரவர் கோப்பைத் திறந்து பார்த்தால் நால்வர் சொன்னதும் சரி. அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்கள் இருவருக்கும் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பள்ளி வாசலைச் சுற்றிய 50 மீட்டரை ஒரே கோப்பாக்குங்கள். அதற்கு ஒரு பொறுப்பு அலுவலரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஆட்சியர் தலைமையில் மாதம் ஒருமுறை சம்பந்தப்பட்ட துறைகள் எல்லாம் உட்காரட்டும்.

பலகையையே எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் காசு கொடுத்து அதை மாட்டவில்லை. விநியோகஸ்தர் பலகையை இலவசமாகக் கொடுக்கிறார், கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜும் கொடுக்கிறார். ஃபிரிட்ஜ் கடையின் முன்பக்கம் நிற்க வேண்டும், உள்ளே தங்கள் சரக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பது பேச்சு. பலகையைக் கழற்றினால் ஃபிரிட்ஜ் போய்விடும் என்று கடைக்காரர் பயப்படுகிறார். ஆகவே அவரை மிரட்டிப் பயனில்லை. ஒழுங்குமுறையின் விளம்பரத் தடை உற்பத்தி நிறுவனத்தை நோக்கியது. நிறுவனத்துக்கும் விநியோகஸ்தருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கட்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 32ஆம் பிரிவின் மேம்பாட்டு அறிவிப்புக்கு (குறையைச் சரிசெய்யச் சொல்லும் அறிவிப்பு) 14 நாளாவது அவகாசம் தர வேண்டும். அந்த இடைவெளியில் வெறும் பெயர் மட்டும் எழுதிய பலகைக்கு மாநகராட்சி கட்டணமில்லாமல் அனுமதி கொடுத்தால் கடைக்காரரே ஏணி போட்டு மாற்றிவிடுவார்.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. முன்வாசலிலிருந்து மட்டும் டேப் பிடிக்கிறார்கள். தொடக்கப் பிள்ளைகள் வெளியேறும் பின்வாசலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எல்லா வாசலிலிருந்தும் அளந்து, கடைகளை ஒரு வரைபடத்தில் குறித்து, உணவுப் பாதுகாப்பு அலுவலர், மாநகராட்சி வருவாய் ஆய்வாளர், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஒருவர் என நால்வரும் ஒரே நாளில் ஒரே அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். தனித்தனியாக வந்தால் மறுபடியும் தனித்தனிப் பதில்தான் வரும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘நடவடிக்கை’ என்றதும் முதலில் லாரியில் ஏறுவது கொய்யாக்காயும் வெள்ளரிப் பிஞ்சும் சுண்டலும் விற்கும் தள்ளுவண்டிதான். அது வேண்டாம். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அமைந்த நகர விற்பனைக் குழுவுக்கு ஆணையர்தான் தலைவர். பழ வண்டிக்கு வாசலருகே இடம் ஒதுக்க அந்தக் குழுவாலேயே முடியும்.

பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 200 மி.லி. பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 100 மி.லி.க்குப் பத்து, பதினொரு கிராம் சர்க்கரை, ஆக பாட்டிலுக்கு 20 கிராமுக்கு மேல். நாளுக்கு 2000 கலோரி உண்ணும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் விரும்பும் உச்சவரம்பே 25 கிராம்தான். பிள்ளைகள் அதை வாங்குவது ஆசையால் மட்டுமல்ல. பள்ளியின் ஆர்.ஓ. இயந்திரத்தில் ஃபில்டர் மாற்ற நிதி இல்லை, குழாய் நீரில் வாடை அடிக்கிறது. கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் நிற்பது அந்த ஃபிரிட்ஜ் முன்னால்தான். குடிநீர்ப் பிரிவும் இந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று நாங்கள் கேட்பதன் காரணம் இதுதான்.

சுகாதாரக் குழு பள்ளிக்கு வந்து உயரமும் எடையும் எடுக்கிறது, நல்லது. ஆனால் 140 செ.மீ. உயரம், 43 கிலோ எடை உள்ள பத்து வயதுப் பையனின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 22 என்று வந்தால், பெரியவர்களுக்கான 25ஐ மனதில் வைத்து ‘நார்மல்’ என்று எழுதிவிடும் இடங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 5–19 வயது அட்டவணையில் பத்து வயதுப் பையனுக்கு 18.5ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் உடல் பருமன். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண், பெண் அட்டவணைகளை அச்சிட்டுக் கொடுங்கள். முடிவை வகுப்பில் சத்தமாக வாசிக்காமல் உறையில் போட்டுப் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ‘குண்டு’ என்று பட்டப்பெயர் வாங்கிய பிள்ளை அடுத்த முறை எடை மெஷின் பக்கமே வராது.

மைதானத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் நீளும். நாளுக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகள் ஓடியாட வேண்டும். பி.டி. பீரியடோ கணக்குப் பாடத்துக்குப் போகிறது. மாலையில் பள்ளி மைதானத்துக்குப் பூட்டு. வாட்ச்மேன் சம்பளமும் விளக்குக் கட்டணமும் யார் தலையில் என்று கல்வித் துறையும் மாநகராட்சியும் பேசி முடிக்காததால் அந்தப் பூட்டு. பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று தானமாகப் பெற்ற ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலங்கள் கருவேலம் வளர்க்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ‘ஆரோக்கிய விழிப்புணர்வுப் பேரணி’ மட்டும் தவறாமல் நடக்கிறது, வெயிலில் நடந்த பிள்ளைகளுக்கு முடிவில் ஜூஸ் பாக்கெட்டோடு. அடுத்த பேரணிக்கு அந்தக் குளிர்பான நிறுவனமே பேனர் கொடுத்தாலும் வியப்பில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்கிறோம். துறைகள் சேர்ந்து வேலை செய்வது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமூக நலம், கல்வி, உள்ளாட்சி, மகளிர் சுய உதவிக் குழுக்கள் எல்லாம் ஒரே அடுப்பைச் சுற்றி நின்றன. வயிறு நிறைவதற்குக் கூடிய துறைகள் இதற்கும் கூட முடியும். லண்டனில் 2019 பிப்ரவரி முதல் பேருந்து, சுரங்க ரயில் விளம்பரங்களிலிருந்து இத்தகைய பண்டங்களை நகர நிர்வாகமே அகற்றியது. நாங்கள் கேட்பது பள்ளிக்கு 50 மீட்டர்.

ஆகவே தயவுசெய்து ஒரே கோப்பு, ஒரு பொறுப்பு அலுவலர், மாதம் ஒரு கூட்டம். கூட்டத்தின் தீர்மானங்களில் எந்தத் துறை, என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருக்கட்டும், நகல் ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் வரட்டும். அரையாண்டு விடுமுறைக்கு முன் முதல் கூட்டத்துக்குத் தேதி குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், ஊட்டச்சத்துப் பணியாளர்கள்